குப்பைக்கு நாலு பேர்

எங்கள் பேரூராட்சியின் குப்பையும் சாக்கடையும் காகிதத்தில் மிகச் சிறப்பாக இருந்தன. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளைச் சொல்கிறேன். சிவகாசிக்கும் ஆமத்தூருக்கும் இடையில் இருந்த அந்த ஊரில் நான் சுகாதாரப் பிரிவின் எழுத்தர். எங்களிடம் ஒரு மண்புழு உரக்கூடம் இருப்பதாக மாதந்தோறும் மேலே எழுதி அனுப்புவேன். அதில் ஒரு மண்புழுவைக்கூட நான் பார்த்ததில்லை. கழிவுநீர் சுத்திகரிப்புக் குட்டை என்று இன்னொன்று இருந்தது. தெருவோரச் சாக்கடையை எங்கள் பக்கம் வாறுகால் என்போம். ஊரின் வாறுகால்கள் எல்லாம் போய் விழும் பள்ளத்துக்கு எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் வைத்த பெயர்தான் சுத்திகரிப்புக் குட்டை. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெயரை நான் காப்பாற்றி வந்தேன்.

மேலிருந்து வரும் படிவங்களில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நான் எப்போதும் ‘ஆம்’தான். ‘இல்லை’ என்று எழுதினால், ஏன் இல்லை என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும். செயல் அலுவலர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். படித்தால் தலைவலி வருகிறது என்பார். நிர்வாகம் சுமுகமாக நடந்தது.

பழைய துப்புரவுப் பணியாளர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். புதிதாக ஆள் எடுக்கத் தடை இருந்ததால், வேலையை ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுத்தார்கள். எட்டுப் பெண்கள். எட்டுப் பேரும் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். குழுத் தலைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார், கோபம் வந்தால் தம்பி என்பார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வந்த அன்றே அக்கா என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருடைய தங்கை கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அன்றைக்கு ஒன்பது பேர் இருந்தார்களாம். ஒருவர்கூட மிஞ்சவில்லை.

“மருந்து ரூமுக்கு இனிப் போகமாட்டேன்னு பிள்ளைக தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன் சார். இந்த வேலை நிலைச்சா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

நிலைக்கும் என்றேன். அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

அடுத்த வாரம் குப்பைக் கிடங்குக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும். பாலியெஸ்டர் சட்டை கூடாது, பருத்திதான். கம்பத்தில் அடித்திருக்கும் செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், உடம்பில் இருக்கும் கரண்டு இறங்குவதற்காக. உள்ளே ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. இரும்பு ஆகாது, மரப்பலகையும் ஈர்க்குச்சி விளக்குமாறும்தான். குப்பையை இழுக்கக் கூடாது, உரசும். தூக்கித்தான் வைக்க வேண்டும். முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். மின்னல் வெட்டினால் எல்லோரும் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட வேண்டும். கம்பெனிச் சுவரில் எழுதிப் போட்டிருக்கும் சட்டம் முழுவதையும் அக்கா குப்பைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பேரூராட்சித் தலைவர் ஒருநாள் பார்வையிட வந்தார். தகட்டைத் தொடச் சொன்னார்கள். அவர் பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் வந்த கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக ஒற்றிக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ தகட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சந்தனம் பூசினால் கரண்டு இறங்காது என்று சொல்லி அக்கா தினமும் அதைக் கழுவுவார். மறுநாள் மறுபடியும் வைத்திருப்பார்கள். குப்பைக் கிடங்கில் இரண்டு மதங்கள் மோதிக்கொண்டதை நான் அங்கேதான் பார்த்தேன்.

வாறுகாலுக்கும் அதே சட்டம்தான். ஒரு தெருவில் நாலு பேர் சகதி அள்ளுவார்கள், மீதி நாலு பேர் தெருமுனையில் நிற்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏக்கா, சாக்கடைத் தண்ணி எங்கனயாவது வெடிக்குமா?”

“எந்த வீட்டுல எதைக் கழுவி ஊத்துனாகன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அதான்.”

வேலை மெதுவாக நடந்தது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஊர் சுத்தமாக இருந்தது.

பிறகு ஒரு திட்டத்தில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் இரும்பு மண்வெட்டியும் வந்து இறங்கின. மண்வெட்டியை அக்கா தொடவே இல்லை. ரப்பர் போட்டால் கரண்டு தரையில் இறங்காது என்று பூட்ஸைக் காலில் மாட்டச் சம்மதிக்கவில்லை. ஆனால் ஒரு பூட்ஸில் அரைக்குடம் தண்ணீர் பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எட்டுப் பெண்களும் நாலு நாலு பேராக, கைக்கு ஒன்றாகப் பூட்ஸில் தண்ணீர் சுமந்து குப்பைக்குத் தெளிப்பதைச் சாலையில் போகும் பஸ்கள் நின்று வேடிக்கை பார்த்தன. செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டு, “உபயோகத்தில் உள்ளது என்று எழுதிவிடுங்கள்” என்றார். உண்மையும் அதுதான்.

அந்த நேரத்தில்தான் நான் முதன்முதலாக ஒரு செல்போன் வாங்கினேன். எங்கள் அலுவலகத்தில் அதுதான் முதல் செல்போன். இடுப்பில் உறை மாட்டிக்கொண்டு, சட்டை அதை மறைக்காதபடி நடப்பேன். அந்த மிதப்பில் தகட்டைத் தொடாமல் கிடங்குக்குள் போய்விட்டேன். நடுக்கிடங்கில் அது மணியடித்தது. எடுத்து ஹலோ என்றேன். அக்கா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி, தண்ணீர் நிறைந்த பூட்ஸுக்குள் போட்டார்.

“பொறி பறந்தா என்ன செய்வீக தம்பி? உள்ள மூணு பொம்பளைக நிக்காக.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கைவிட்டு போனை எடுத்து, சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒரு படிவம் வந்திருந்தது. வழங்கப்பட்ட பாதுகாப்புக் கருவிகளைப் பணியாளர்கள் பயன்படுத்துகிறார்களா? ஆம், இல்லை. என் கை தானாக ‘ஆம்’ பக்கம்தான் போனது. செத்துப்போன செல்போன் மேசை மேல் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ‘இரும்பு பட்டால் குப்பை வெடிக்கும் என்று அஞ்சுகிறார்கள்’ என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். செயல் அலுவலர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ வருடம் எத்தனையோ பொய்யை அங்கே எழுதியிருக்கிறேன், ஒன்றால்கூட யாருக்கும் ஒரு கேடு வந்ததில்லை.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. பாதுகாப்பு விதிகளை மீறியதால் குழுவின் ஒப்பந்தம் ரத்து. வேலை ஒரு டிராக்டர்காரருக்குப் போனது. அக்கா கையெழுத்துப் போட வந்தார். உத்தரவை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“பாதுகாப்பு விதிய நாங்க மீறுனோமா? யாரு சார் இப்படி எழுதுனது?”

“மேலருந்து வந்ததுக்கா” என்றேன்.

அவர் நம்பினார். “நீங்க என்ன செய்வீக, பாவம்” என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கம்பெனி வேனுக்காகத் தூக்குச்சட்டியோடு நின்றார். பார்க்காததுபோல நழுவப் பார்த்தேன், அவரே கூப்பிட்டுவிட்டார்.

“சௌக்கியமா இருக்கீகளா சார்?”

“இருக்கேங்க்கா. கம்பெனியில எந்த வேலை?”

“பெட்டி ஒட்டுறதுன்னு சொல்லித்தான் சேர்ந்தேன். நாலு நாள் பார்த்தாக. இம்புட்டுக் கவனமான ஆளு கிடைக்காதுன்னு மருந்து ரூமுக்கு மாத்திட்டாக.”

வேன் வந்தது. சத்தியம் என்ன ஆச்சு என்று கேட்பதற்குப் பதில், வேன் வந்துவிட்டது என்றேன். ஏறும்போது அவர் திரும்பி, எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டார். வழியில் இறக்கிவிடச் சொல்கிறேன் என்றார். உள்ளே ஏற்கெனவே ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எனக்காக ஒதுங்கி இடம் விட்டார்.