பிராங்கிளின் மாமாவின் பத்தாவது கல்

மற்றவர்கள் லீவுக்கு ஏற்காடு போனால் மிளகும் காபித்தூளும் வாங்கி வருவார்கள். என் அக்கா ஜூடியின் புருஷன் பிராங்கிளின் பாடம் எழுதிக்கொண்டு வருவார். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், வயது ஐம்பத்திரண்டு. கப்பலில் கருங்கல் பாளங்களை ஏற்றி ஏற்றிக் கல்லின் மேல் அவருக்குக் காதல் வந்துவிட்டது. காதல் யார் மேல் வரும் என்று யாருக்குத் தெரியும் என்று அக்காவும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

போனில் ஒரு ஆப் இருக்கிறது. எங்கேயாவது ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் குறியீட்டை அதில் போட்டால், உலகத்தில் வேலையில்லாதவர்கள் எல்லாம் தேடிக்கொண்டு வருவார்கள். அதிலேயே மெத்தப் படித்தவர்களுக்கு என்று தனிப் பிரிவு. டப்பா கிடையாது. ஒரு பாறையைக் காட்டி, அது எப்படி உண்டானது என்று பாடம் எழுதி, நாலு கேள்வி கேட்க வேண்டும். வருகிறவர் பாறையைத் தடவிப் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். அதாவது, கைக்காசு போட்டுச் சுற்றுலா போய்ப் பரீட்சை எழுத வேண்டும்.

மாமா ஏற்காடு, செஞ்சி, கொல்லிமலை என்று ஒன்பது பாடம் போட்டுவிட்டார். மூன்று வருஷத்தில் வந்தவர்கள் நாலு பேர். ஒருவர் ஜெர்மன்காரர். இரண்டு பேர் வழி தவறி வந்தவர்கள். நாலாவது நான். என் விடைத்தாளை 'விளக்கம் போதாது' என்று திருப்பி அனுப்பினார். கிறிஸ்துமஸ் விண்டாலு கறிக்கு அக்கா வாங்கி வைத்த வினிகரையும் சுண்ணாம்புக்கல் நுரைக்கிறதா என்று பார்க்க எடுத்துப் போய்விடுவார். விண்டாலு புளிக்காமல் போனதுதான் நாங்கள் கண்ட கல்வி.

பத்துப் பாடம் ஆனால் ஆப்பில் தங்க முத்திரை கிடைக்குமாம். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பத்தோட நிறுத்திடணும். அடுத்த லீவுல கல்லாண்ட பேசாத, எங்கிட்ட பேசு."

போன மே மாதம் பத்தாவது கல்லுக்காகப் புதுச்சேரி போனோம். கடற்கரைச் சாலை ஓரம் கருங்கல் குவிந்து கிடந்தது. ராயபுரத்துக்காரருக்குக் கடல் என்றாலே கருங்கல்தான். மணலைப் பார்க்க மெரினாவுக்குப் பஸ் ஏறிய ஜன்மம். யாராவது கல்லைக் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. 'இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளாக இதே இடத்தில் அலை வாங்கும் பாறைகள்' என்று ஆரம்பித்தார். கல்லில் விரல் பருமனுக்கு நேர்கோடாகப் பள்ளங்கள் இருந்தன. அவை கடல்புழுக்கள் லட்சக்கணக்கான வருஷம் குடைந்தவையாம்.

அக்கா சிரித்துவிட்டாள்.

"இன்னாமே சிரிக்கிற?"

"இது லாரில வந்த கல்லுயா."

"கல்லப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

அக்கா அதற்கப்புறம் ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை. மாமா அதைக் கவனிக்கவும் இல்லை. புழுவின் அறிவியல் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

பாடத்தை வெளியிடும் முன் சரிபார்க்க ஒரு பரிசோதகர் உண்டு. ஆள் யார், எந்த நாடு, ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. 'அந்தப் பள்ளங்கள் வெடி வைப்பதற்காகத் துளை போட்ட தடங்கள். இது குவாரிக் கல். இங்கே எப்படி வந்தது?'

மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் அங்கே இருக்கும்போதுதான் அக்காவிடம் கேட்டார். "லாரில வந்துச்சின்னு உனுக்கு எப்டி தெரியும்?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். கல்லிடம் நாலு நாலு கேள்வியாகக் கேட்ட மனுஷன் என் அக்காவிடம் பதில் வேண்டிக் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"திருவொத்தியூர்ல எங்க வூடு போனப்புறம் இதே மாதிரி கல்லுதான் கொண்டாந்து கொட்னாங்க. இதே ஓட்ட. அப்போ நான் ஏழாவது. மேத்யூவுக்கு அஞ்சு வயசு" என்று என்னைக் காட்டினாள்.

"உங்க வூடு பழசாயி இடிஞ்சிச்சின்னுல நெனச்சிகினு இருந்தேன்?"

"கடலு எத்துகினு போச்சியா. நீ எப்ப கேட்ட?"

மாமா நல்ல மாணவர், அதை மறுக்க முடியாது. ராத்திரியெல்லாம் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தார். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டே இருக்குமாம். துறைமுகத்தின் சுவர் அதைத் தடுக்கும். தடுத்த மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமாகும். மணல் வராத வடக்கைக் கடல் தின்னும். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தச் சுவருக்குள் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டிச் சம்பளம் வாங்கியவர் இல்லையா! எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவரும் திருவொற்றியூர் போனோம். வினிகர் வரவில்லை. மாமா போனை வைத்துக்கொண்டு கல்லின் மேல் நின்றார். "ஜூடி, வூடு எங்க இருந்திச்சி?"

அக்கா கையை நீட்டிக் காட்டினாள். அலை உடையும் இடத்தையும் தாண்டி, இன்னும் உள்ளே. கிணறு எங்கே, அடுப்பு எங்கே, அப்பா வலை காயப்போட்ட கம்பம் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமா குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். அக்கா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பத்தாவது பாடம் கடல் அரிப்பைப் பற்றியது. இடக்குறியீடு, அக்கா காட்டிய சமையல்கட்டு.

பரிசோதகர் நாலே நாளில் திருப்பி அனுப்பினார். 'பாடம் மிக நன்று. ஆனால் நீங்கள் கொடுத்த இடம் கடலுக்குள் இருக்கிறது. அங்கே மனிதர் நிற்க முடியாது. நிற்கக்கூடிய இடமாகக் கொடுக்கவும்.'

மாமா அதைச் சத்தமாகப் படித்தார். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நிக்க முடியாதாமா? எட்டு பேரு பாய் போட்டுத் தூங்குனோம். எழுது."

மாமா எழுதினார். ஒரு வார்த்தையைக்கூடத் திருத்தவில்லை.