ஒரு சொட்டு எண்ணெய்

டச்சுக் கல்லறைக்கு எதிரே எனக்குத் தையல் கடை. உட்கார்ந்தே தொப்பை போட்டுவிட்டது. துடுப்பு போடுவதுபோல் இழுத்துச் செய்யும் பழைய உடற்பயிற்சி மெஷின் ஒன்று லைட்ஹவுஸ் குப்பத்தில் விலைக்கு வருகிறது என்றார்கள். போனேன்.

விற்ற அக்காவின் கணவர் கடலுக்குப் போனவர். முதுகில் ஆபரேஷன் ஆனபின் வீட்டிலேயே அந்த மெஷினில்தான் துடுப்பு போட்டாராம். அவர் இறந்து ஒரு வருடம். மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதால் அக்கா அதை விற்கிறார்.

கைப்பிடியை இழுத்தேன். கிறீச்சென்றது.

"இன்னாக்கா, இப்டி கத்துது! எண்ணெயே வுடலியா?" என்று கேட்டுக்கொண்டே, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் தையல் மெஷின் எண்ணெயை விட்டு நாலு முறை இழுத்தேன். சத்தம் அடியோடு நின்றது. பெருமையாக நிமிர்ந்தேன்.

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அந்த சத்தத்துக்காவத்தான் தம்பி, டெய்லி காலைல ஒரு வாட்டி இழுப்பேன். அவரு உள்ள கீறாருனு தோணும். நீ எடுத்துனு போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வாட்டி கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

எண்ணெயைத் துணியால் துடைத்துத் துடைத்து இழுத்துப் பார்த்தேன். "வுடு தம்பி" என்றார்.

எட்டு மாதமாகிறது. தொப்பை குறைந்துவிட்டது. மெஷினுக்கு அதன்பின் ஒரு சொட்டு எண்ணெய்கூட நான் விடவில்லை. அது இன்னும் வாயைத் திறக்கவில்லை.