மஸ்தான் பாய் மூடாமல் விட்ட ஓட்டை

மஸ்தான் பாய் இன்று காலை போய்விட்டார்.

மகன் யூசுப் போன் செய்தான். "அத்தா மவுத்தாயிட்டாங்க மேடம். அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்கு ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை டைப் செய்கிறேன். கண்ணும் சரியில்லை, மனசும் சரியில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் நானும் அவரும் ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தோம். திருச்சிக்கு வெளியே. பெயர் வேண்டாம்… அந்தக் கம்பெனியே இப்போது இல்லை.

ஆபீஸ் மாடியில் டெலிபோன் போர்டு. நானும் சரோஜாவும் ஆபரேட்டர்கள். எங்களுக்கு நேர் கீழே கேபிள் ரூம். கீழே தீப்பிடித்தால் மாடிக்கு ஏறக் கூடாது என்று கனமான கான்கிரீட் தளம், இரும்புக் கதவு எல்லாம் போட்டுத்தான் கட்டியிருந்தார்கள்.

ஆனால் கேபிள் மேலே வர வேண்டுமே. ஒவ்வொரு புது லைனுக்கும் தளத்தை உடைத்து ஓட்டை போடுவார்கள். கேபிளை இழுத்து முடித்ததும், சுற்றிலும் அஸ்பெஸ்டாஸ் கயிற்றைத் திணித்து மேலே சிமெண்ட் பூச வேண்டும். அதுதான் மஸ்தான் பாயின் வேலை. இடுக்கு விடாமல் பூசுவார். நாங்கள்தான் "என்ன பாய், பொண்ணுக்கு மருதாணி வெக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்வோம்.

அந்த வருஷம் சரோஜாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு வந்து உட்கார்ந்தாள். போனில் பேச்சைவிட வளையல் சத்தம்தான் அதிகம் கேட்கிறது என்று மேனேஜர் அலுத்துக்கொண்டார். மனுஷனுக்கு வேறு வேலை இல்லை.

அக்னி நட்சத்திரம் வேறு. மாடியில் இருந்த ஒரே ஃபேன் சூப்பர்வைசர் தலைக்கு மேல் சுற்றும். சரோஜாவின் காலடியில் அப்போதுதான் ஒரு புது ஓட்டை போட்டிருந்தார்கள். கீழ் ரூமில் ஓடும் பெரிய ஃபேன் காற்று அது வழியாகச் சில்லென்று வரும்.

மஸ்தான் பாய் சிமெண்ட் சட்டியோடு வந்தபோது நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன்.

"பாய், இதை மட்டும் இப்ப மூடாதீங்களேன். கால் வீங்கி வெடிச்சிடும்போல இருக்கு. இந்தக் காத்துதான் கொஞ்சம் இதமா இருக்கு" என்றாள் சரோஜா.

"அப்படி விடக் கூடாதும்மா."

"நான் லீவுல போற வரைக்கும்தானே? அப்புறம் பூசிக்கோங்க."

அவர் அவள் காலைப் பார்த்தார். வீங்கிப் போய் செருப்பே போட முடியாத கால். "சரி… லீவு எழுதிக் குடுக்கும்போது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஒரு சாக்கைச் சுருட்டி ஓட்டையில் திணிப்பார். காலையில் வந்து எடுத்துவிடுவார்.

ஒரு மத்தியானம் கேபிள் ரூமில் தீ. நான் சாப்பிடப் போயிருந்தேன்.

மாடியில் ஒரு பேப்பர்கூட எரியவில்லை. புகை மட்டும்தான். அந்த ஒரு ஓட்டை வழியாக, அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே… மற்றவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். அவளால் சட்டென்று எழுந்திருக்கக்கூட முடியவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும்.

விசாரணையில் "ஏன் மூடலை?" என்று கேட்டார்கள். "மறந்துட்டேன் சார்" என்றார். அதோடு சரி. வேலை போயிற்று.

நான் பாலக்கரைக்கு அவர் வீடு தேடிப் போனேன். "நடந்ததை நான் போய்ச் சொல்றேன் பாய்" என்றேன்.

"வேணாம் தங்கச்சி. அவங்க கேட்டுத்தான் விட்டேன்னு சொன்னா, அவங்களே சாவைத் தேடிக்கிட்டாங்கன்னு ஊரு பேசும். அது அவங்க வீட்டுக்காரர் காதுல விழணுமா?"

"அதுக்காக நீங்க இந்தப் பழியைச் சுமக்கணுமா?"

"யார் கேட்டா என்ன? மூடாம விட்டது என் கைதானே."

நானும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் அவர் மேல் எனக்குக் கோபம்தான்.

சரோஜாவின் கணவர் வழியில் எங்கே பார்த்தாலும் பாயை நிறுத்தி வைத்துத் திட்டுவார். கொலைகாரன் என்பார். பாய் சைக்கிளை விட்டு இறங்கி, அவர் திட்டி முடிக்கிற வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போவார். பிறகு மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேன் வேலை. கடைசிவரை அதுதான்.

என் பெண் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் ஆளைக் காணோமே என்று தேடினால், சமையல்கட்டுச் சுவரில் பைப் நுழைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் கையளவு சந்து. மண்டபத்து மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் "சின்ன ஓட்டைதானே பெரியவரே, போய்ச் சாப்பிடுங்க" என்றான்.

சாப்பிடாமலே போய்விட்டார்.

இன்றைக்கு அவர் வீட்டு வாசலில் யூசுப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லக் கூடாது என்றவரும் இல்லை, யார் காதில் விழக் கூடாதோ அவரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். யூசுப் சின்ன வயதிலிருந்து கொலைகாரன் மகன் என்று கேட்டு வளர்ந்தவன். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

"இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது மேடம்? எங்க அத்தாவை அப்படிச் சொன்னவங்க ஒருத்தரும் இப்ப இல்லையே…"



போயிட்டு வாங்கன்னு சொல்ல மனசு வரலை, மஸ்தான் பாய். போங்க… நின்னு கேட்டது போதும்.