காரை மெழுகி வைக்கவும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொந்த வீட்டுக் கூடத்தில் வழுக்கி விழுந்தேன். பெரிய அடி ஒன்றும் இல்லை. இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்து பார்த்தால்... தரையில் என் முகம் தெரிகிறது. கண்ணாடியில் தெரிவதைவிடக் கொஞ்சம் நன்றாகவே தெரிந்தது.

நியாயமாக அது தெரிந்திருக்க வேண்டிய இடம் தரை அல்ல. கார்.

முதலிலிருந்து சொல்கிறேன். அந்தக் கார் என்னுடையதல்ல. என் மனைவி பகவதியின் அண்ணன், ஆறுமுகம் அத்தானுடையது. வியாபார விஷயமாக மூன்று மாதம் கொழும்புக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரே ஒரு பேச்சு.

"கடல் பக்கம் மட்டும் கொண்டு போவப்பிடாது, மாப்ளே. உப்புக்காத்து பெயிண்டைத் தின்னுரும்."

நான் எங்கே கொண்டுபோனேன்? முட்டம் கடற்கரைக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும்! பாறைமேல் ஏறி நின்றதும் வீட்டுக்குத் திரும்பத் தோன்றும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி முட்டம் போகத் தோன்றும். எங்கள் ஊரில் இதற்கு அருமையான ஒரு வார்த்தை உண்டு. வெப்ராளம். கால் நிற்காது, கை நிற்காது, மனசும் நிற்காது. பகவதி அந்த வார்த்தையை நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான்.

கறுப்புக் கார் மூன்று மாதத்தில் சாம்பல் பூத்துப் போயிற்று. 'ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்' என்று அத்தானின் கடிதம் வந்தது. சொந்தக்காரர்களில் என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுக்கிற மனிதர் அவர் ஒருவர்தான். அவரும் கைவிட்டுவிட்டால்?

நல்லவேளை, காருக்குப் பளபளப்பு ஏற்ற, திருவனந்தபுரத்தில் வாங்கிய வேக்ஸ் டப்பா ஒன்று கையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நான் மறுபடி அங்கே கிளம்ப வேண்டும். பகவதி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொன்னால் இரண்டு நிமிஷம் ஆகும்... அதற்கு ஏது பொறுமை? ஒரு சீட்டு எழுதி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு ஓடினேன்.

'ஞாயிறுக்குள் ஆள் விட்டுக் காரை மெழுகி வைக்கவும்.'

'வேக்ஸ் பாலீஷ்' என்று எழுதியிருக்கலாம். வாராவாரம் தமிழில் பத்தி எழுதுகிறவன் வீட்டுச் சீட்டில் இங்கிலீஷ் எழுதலாமா? அதனால்தான் 'மெழுகி'. அப்படியானால் 'கார்' எந்த ஊர்த் தமிழ் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

கேட்க வேண்டியது வேறு. எங்கள் வீட்டில் காரை யாருமே கார் என்று சொல்வதில்லை. பிளஷர். 'பிளஷர் வந்தாச்சா?', 'பிளஷர்ல போவமா?' என்றுதான் பேச்சு. காரை என்றால் ஒன்றே ஒன்றுதான் — சுண்ணாம்புக் காரை போட்ட கூடத்துத் தரை.

வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து திரும்பியதும் நான் விழுந்த சத்தம் கேட்டுப் பகவதி வந்தாள்.

"பைய வரப்பிடாதா? நானும் தங்கம்மையும் மூணு நாளா முட்டிபோட்டுக் கையால தேய்ச்சது. டப்பா பூராவும் தீந்துட்டு." தங்கம்மை வீட்டு வேலைக்கு வருகிறவள்.

"பிளஷருக்கு?"

"பிளஷருக்கு என்ன? சீட்டுல பிளஷர்னு எழுதலியே."

வாஸ்தவம். அழகான தமிழில் எழுதியிருந்தேன்.

மறுநாள் காலையில் கோட்டாற்றில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே செல்லையா மேஸ்திரி புதிதாக ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறார். கரண்டில் சுற்றும் வட்டத் தகடு, அதன்மேல் ஆட்டு ரோமத் துணி.

"கையில போட்டா ரெண்டு நாள் ஆவும் சார். மெஷினுன்னா ரெண்டு மணிக்கூர்."

எனக்கு இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. அவர் மேலும் சொன்னார்: "வேக்ஸைத் தடவிக் காய விடணும். மெஷின் ஒரு எடத்துல நிக்கப்பிடாது, ஓடிக்கிட்டே இருக்கணும். ஓரமெல்லாம் கையிலதான்."

மெஷின் நல்லதா, கை நல்லதா என்று வாதாடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒன்று சொல்கிறேன் — மெஷின் பிரமாதம். கதவு இரண்டும் கறுகறுவென்று மின்னின. அத்தோடு நான் ஒரு மூலையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காருகிற ஆளா நான்? "காஞ்சாச்சா?" என்றேன். "இல்ல சார்." சுற்றி வந்தேன். "இப்ப?" மறுபடி சுற்றி வந்தேன். கடைசியில் பானெட்டின் இடது ஓரம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.

"அங்கேயும் மெஷினைக் காட்டுங்களேன்."

"அது கையில செய்யணும் சார்."

"ஒரு நிமிஷம்தானே... இன்னும் கொஞ்சம்... இன்னும்..."

கருகல் வாடை வந்தது. மெஷின் நின்றது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுப்புப் போய், அடியில் இருந்த செங்கல் நிறம் தெரிந்தது.

"பெயிண்டு போயிட்டு சார்," என்றார் செல்லையா. "கறுப்புத் தொட்டு வைக்கலாம். காய ரெண்டு நாள் ஆவும்."

அந்த ஒர்க்‌ஷாப்பில் மெஷின் அவசரப்படவில்லை, மேஸ்திரியும் அவசரப்படவில்லை. அத்தான் வர ஒரு நாள்தான் இருந்ததால் காரை அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் பகவதியிடம் சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரின் இடது பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்தினேன். எடுத்தேன், இன்னும் ஒட்டி நிறுத்தினேன். அத்தான் வரும் திருநெல்வேலி பஸ் மத்தியானம்தானே வரும், பஸ் ஸ்டாண்டுக்குப் போக நேரம் இருக்கிறதே என்று வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அத்தான் முந்தின பஸ்ஸிலேயே வந்து, குதிரை வண்டியில் வாசலில் இறங்கிவிட்டார். நேரே காரிடம்தான் போனார். ஒரு சுற்று நடந்தார். சுவர் இடுக்கிலும் உடம்பைச் சாய்த்து நுழைந்தார். செங்கல் நிறத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார்.

"மாப்ளே, இது மெஷினா, கையா?"

செல்லையாவின் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினேன். அதற்குள் பகவதி பதில் சொல்லிவிட்டாள்.

"ரெண்டும் இல்ல அண்ணா. வாயால போட்டது."

அத்தான் சிரித்தார். எனக்கும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே கேட்டார்: "முட்டத்துக்கு எத்தன தடவ போனீரு?"

"பன்னிரண்டு."

சிரிப்பு மாறாமலே கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அது அவர் சட்டைப் பைக்குள் போனது. "வாரும், உள்ள போவோம்" என்று என் தோளில் கை போட்டு அழைத்தார். கோபமாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

உள்ளே போனேன். பைய, ஒவ்வொரு அடியாக வைத்துத்தான் போனேன்... தரை அப்படி வழுக்குகிறது.