எட்டாயிரம் சுற்று

அமலராணி காயில் சுற்றும் வேலையில் சேர்ந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. திருச்சி தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் ரத்தினவேல் என்பவர் நடத்திய சின்னப் பட்டறை அது. ரேடியோவுக்கான டிரான்ஸ்பார்மர்களை ஆறு பெண்கள் அங்கே உட்கார்ந்து சுற்றினார்கள். கம்பி தலைமுடியைவிட மெல்லியது. இழுப்பு கொஞ்சம் கூடினால் அறுந்துவிடும், குறைந்தால் தொளதொளவென்று குவிந்துவிடும். அந்தப் பதம் அவள் விரல்களுக்கு ஒரே மாதத்தில் பிடிபட்டது.

எட்டு வருஷம் கழித்து, 1967இல், அவளுடைய பக்கத்து இருக்கையில் நஜ்முன்னிசா இருந்தாள். அமலராணியைவிட ஐந்து வயது சின்னவள். அக்கா அக்கா என்றுதான் பேச்சு. மத்தியானம் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை வைக்காத நாள் கிடையாது.

அமலராணியின் வீடு மேலப்புதூரில். அம்மா வியாகுலம்மாள் ரவிக்கை தைப்பாள். தம்பி இருதயநாதன் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து கோயில் விழாவிலும் கல்யாண வரவேற்பிலும் வாசிப்பார்கள். அந்த வருஷம் ஆடி மாதம், கப்பலில் சமையல் வேலை பார்த்த மாமா சவரிநாதன் சிங்கப்பூரிலிருந்து அவனுக்கு ஒரு பேஸ் கிட்டார் கொண்டுவந்தார். ஜப்பான் சரக்கு. இருப்பதிலேயே மலிவானது. நான்கு தடித்த தந்திகள்; வழக்கமான பேஸ் கிட்டாரைவிடக் கழுத்து குட்டை.

வந்த முதல் நாளே அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. தந்திகள் கழுத்தை விட்டு எழும்பி நின்றன. அழுத்தினால் விரல் கன்றிப்போனது. ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கியது. ஆம்ப்ளிபையரில் இணைத்தால் போர்வைக்குள் யாரோ முனகுவது போலச் சத்தம் வந்தது.

இருதயநாதன் அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கெட்டி அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, கழுத்தின் சாய்வை மாற்றினான். தந்திகள் இறங்கின. தலைப்பக்கம் தந்தி படியும் பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாட்டெலும்பை அரத்தால் ராவி அங்கே பொருத்தினான். முறுக்காணிகளுக்கு வாஷர் வைத்து இறுக்கினான். எல்லாம் சரியாயிற்று, சத்தம் மட்டும் சரியாகவில்லை.

தந்திகளுக்கு அடியில் பதித்திருந்த பிக்கப்பைக் கழற்றி அக்காவிடம் காட்டினான். உள்ளே காந்தமும் அதைச் சுற்றிக் கம்பியும் இருந்தன. தந்தி அதிர்ந்தால் அந்தக் கம்பியில்தான் மின்சாரம் பிறக்கும்.

அமலராணி சிரித்துவிட்டாள். "என்னடா இது, பாதிதான் சுத்தியிருக்கான். அதுவும் தாறுமாறா."

"அப்ப நீ சுத்திக் குடேன்க்கா. கிறிஸ்துமஸுக்குப் பங்குக் கோயில் மண்டபத்துல புரோகிராம் இருக்கு."

பட்டறையில் மிஞ்சும் துண்டுக் கம்பியை எடுத்துக்கொள்ள ரத்தினவேல் எப்போதும் விடுவார். அவற்றை ஒட்டுப் போட்டுச் சுற்றிப் பார்த்தாள். ஒட்டு வந்த இடத்திலெல்லாம் அறுந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் கை கழுவப் போயிருந்தபோது, திறந்திருந்த பீரோவிலிருந்து ஒரு முழு ரீலை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். வேண்டியதைச் சுற்றிவிட்டு மிச்சத்தைத் திங்கட்கிழமை வைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, அம்மாவின் தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் அச்சில் பிக்கப்பை மாட்டிச் சுற்றினாள். ஐயாயிரத்தில் அறுந்தது. முழுதும் பிரித்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்கினாள். எட்டாயிரம் சுற்று வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. திருப்பி வைக்க ரீலில் ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை ரத்தினவேல் சரக்கை எடை போட்டார். ஒரு ரீல் குறைந்தது. அந்த மாதம் பீரோச் சாவி நஜ்முன்னிசாவிடம் இருந்தது.

"சாவி உன்கிட்டதானே இருந்துச்சு? பின்ன எங்க போச்சு?"

"தெரியலைங்க முதலாளி. நான் எடுக்கலைங்க."

அவர் அவள் பையை வாங்கி மேஜைமேல் கொட்டினார். சீப்பு, டப்பா, அவள் அத்தா என்று கூப்பிடும் தகப்பனாருக்கு வாங்கிய மருந்துச் சீசா. வேறெதுவும் இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நஜ்முன்னிசா திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

உண்மையைச் சொல்ல அமலராணி வாயெடுத்தாள். அம்மா முகம் வந்தது, வேலை போனால் என்ன ஆகும் என்பது வந்தது, மேலப்புதூர்த் தெருவில் திருடி என்ற பேச்சு வந்தது. கடைசியில், "நஜ்மு அப்படிப்பட்டவ இல்லீங்க முதலாளி," என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக நஜ்முன்னிசா நன்றியோடு தலையை அசைத்துவிட்டுப் படியிறங்கினாள். அதைத்தான் பிறகு அமலராணியால் மறக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் சுற்றிய காயில்கள் மூன்று அறுந்தன.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாலை பங்கு மண்டபத்தில் நிகழ்ச்சி. இருதயநாதன் முதல் தந்தியைத் தட்டியதும் நாற்காலிகளின் கால்வழியே அதிர்வு ஏறியது. உருண்டு திரண்ட, சுத்தமான நாதம். அது அந்த மலிவுச் சாமானிலிருந்து வருகிறது என்று யாரும் நம்பவில்லை. கைதட்டல் அடங்கியதும் அவன் மைக்கைப் பிடித்தான்.

"இந்தச் சத்தம் என்னோடது இல்லீங்க. எங்கக்கா கையால சுத்துன காயில். அக்கா, எந்திரிச்சு நில்லுங்க."

மண்டபமே திரும்பித் தட்டியது. அமலராணி எழுந்தாள், உட்காரவில்லை, அப்படியே வெளியே போய்விட்டாள். முந்தின நாள் பூசையிலும், பாவத்தோடு வாங்கக் கூடாதென்று, அவள் நற்கருணை நன்மை வாங்கவில்லை. காய்ச்சல் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி பின்னாலேயே வந்தான். மாதா சிலை இருந்த கெபிக்குப் பக்கத்தில் நிறுத்தி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அதிர்ச்சியடைவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தலை குனிந்து நின்றான்.

"முழு ரீலைப் பாத்தப்பவே எனக்குத் தெரியுங்க்கா. கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவே, அப்புறம் அதை மாட்ட முடியாதுன்னுதான் கேக்கலை."

"அந்தப் பொண்ணு வேலை போனது தெரியுமா?"

"அது தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அடுத்த வேலை நாள், பட்டறையில் மிஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன் அமலராணி ரத்தினவேலின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். ரீலை எடுத்தது தான் என்றாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாப் பேசும்மா. பொங்கலுக்குள்ள சரக்குப் போயாகணும். உன்னை மாதிரி சுத்த ஆளில்லை. நடந்தது நடந்துபோச்சு, போய் உக்காரு."

"நஜ்முவைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க முதலாளி."

"நான் போய் அந்தப் புள்ளகிட்டத் தப்புன்னு சொல்றதா? வேலையைப் பாரும்மா."

ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. உட்கார்ந்துவிட்டால் போதும். அந்த நிம்மதியைக் கண்டுதான் அவள் பயந்துபோனாள். திரும்பி, மற்ற நான்கு பெண்களையும் பார்த்து, "ரீலை எடுத்தது நஜ்மு இல்லை, நான்தான்," என்று மாடி அதிரச் சொன்னாள். ரத்தினவேல் எழுந்து வாசலைக் காட்டினார்.

அங்கிருந்து நேரே நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கம் நஜ்முன்னிசாவின் வீட்டுக்குப் போனாள். அவள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் மஞ்சளாகியிருந்தன. அமலராணியைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கக்கா," என்று பாயைத் தட்டிப் போட்டாள். அமலராணி உட்காராமலே சொல்லி முடித்தாள்.

நஜ்முன்னிசா கையிலிருந்த பீடியை நூல் கட்டி முடித்து முறத்தில் வைத்தாள்.

"எடுத்தது நம்ம பட்டறைக் காளியாயின்னு நெனைச்சேன். போன வாரம் கடைத்தெருவுல அவ சிரிச்சா, நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்." முறத்திலிருந்து இன்னொரு இலையை எடுத்தாள். "நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையை எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேங்க. ஒருத்தராச்சும் எனக்காகப் பேசினாங்கன்னு."

"மன்னிச்சிடு நஜ்மு."

"எங்கத்தா தூங்குறாரு. போயிட்டு வாங்க."

அக்கா என்று சொல்லவில்லை. அமலராணி படியிறங்கினாள்.

பட்டறையில் அதற்குப்பிறகு பீரோச் சாவியை வாங்க ஒருத்தியும் கை நீட்டவில்லை. காளியாயிதான் முதலில் மறுத்தாள். எங்கள் பையையும் நாளைக்குக் கொட்டுவீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். பொங்கல் கழிந்த வாரம் ரத்தினவேலே நஜ்முன்னிசா வீட்டுக்குப் போனார். அந்தப் பெண்கள் முன்னால் தப்பு என்று சொன்னால் வருகிறேன் என்று அவள் சொல்லியனுப்பினாள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, அவர் சொன்னார். அவள் திரும்பி வந்து பழைய இருக்கையில் உட்கார்ந்தாள்.

அமலராணிக்கு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் மின்விசிறி மோட்டார் சுற்றும் ஒரு சின்னக் கடையில் வேலை கிடைத்தது. சேரும்போதே, முந்தின வேலை ஏன் போனது என்று கடைக்காரர் அப்துல் சலாமிடம் சொல்லிவிட்டாள். அவர் யோசித்துவிட்டு, நாளைக்கு வாம்மா என்றார். இருதயநாதன் இனி வாசிக்கப்போவதில்லை என்று கிட்டாரை உறையில் போட்டு மூட்டையாகக் கட்டினான். நீ வாசிக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் போன நாட்கள் திரும்பி வருமா என்று அவள் கேட்டாள். அவன் வாசித்தான். கேட்க அவள் ஒருதரமும் போனதில்லை.

நஜ்முன்னிசாவை அவள் மறுபடி பார்த்தது 1969 ஆனி மாதம். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஏறி, கம்பியைப் பிடித்த பிறகுதான் பக்கத்து சீட்டில் இருப்பது யாரென்று தெரிந்தது. நகரவும் இடமில்லை, இறங்கவும் வழியில்லை. காவிரிப் பாலம் வந்துவிட்டது. நஜ்முன்னிசா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பாலத்தில், திரும்பாமலே பேசினாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகலைங்க."

"தெரியும்மா."

"நிக்காதீங்க. உக்காருங்க." மடியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு, ஜன்னலோரம் ஒடுங்கி இடம் விட்டாள்.

அமலராணி உட்கார்ந்தாள்.