முப்பத்தொன்றாம் பெயர்

விமலராணி அக்காவைப் பற்றி எழுத வந்தால் முதலில் ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. அதுவே எனக்கு எரிச்சல். அவரைப் பற்றிச் சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறது. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இருபத்தாறு வருஷமாக ஒரே தொழிற்சாலையில் பொதி கட்டுகிறார். நாற்பத்தொன்பது வயதில் கார் ஓட்டப் பழகி, மூன்று தரம் கோட்டைவிட்டு, நாலாம் தரம் லைசன்ஸ் எடுத்தவர். பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவருக்கு நாள் தவறாமல் பேப்பர் எடுத்துக் கொடுப்பவர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். இப்படி ஒரு மனுசியின் வாழ்க்கையைக் கடலுக்குள் விழுந்த ஒரு விமானம் இவ்வளவு காலமாகப் பிடித்து வைத்திருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், சண்டை நடந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட விமானம் அது. பாதிவழியில் கடலில் விழுந்தது. அதை ஆராய மூன்று விசாரணை நடந்தது. முதல் அறிக்கை இயந்திரக் கோளாறு என்றது. இரண்டாம் அறிக்கை சுட்டு விழுத்தப்பட்டது என்றது. சுட்டது எதிர்த்தரப்பு என்றும் சொன்னது. எதிர்த்தரப்பு, சுட்டது நீங்கள்தான் என்றது. மூன்றாம் அறிக்கையில் பதினொரு பக்கம் காணாமல் போனது. மூன்றிலும் உயரம் இருந்தது, கோணம் இருந்தது, தகரத் துண்டின் படம் இருந்தது. செத்த சனங்கள் பின்னிணைப்பில் வெறும் பட்டியலாக இருந்தார்கள். அந்தப் பட்டியலும் பிழை.

அது பிழை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள், என்னைத் தவிர்த்தால், இந்த நாட்டில் இரண்டு பேர். ஒருவர் விமலராணி அக்கா. மற்றவர் அந்தப் பட்டியலில் முப்பத்தொன்றாவதாகச் செத்திருப்பவர். பெயர் சண்முகலிங்கம். அல்பர்ட்ஸ்லுண்டில், மூன்றாம் மாடியில், சுகமாக இருக்கிறார்.

நடந்தது இதுதான். அக்காவின் ஒரே தம்பி குணபாலன், வயது இருபத்துநாலு. டென்மார்க்குக்கு அக்காவிடம் வருவதற்காகக் கொழும்பில் ஒரு விசா நேர்முகத்துக்குப் போகவேண்டியிருந்தது. ஊரைவிட்டுப் போக ஆமி தரும் அனுமதி வேண்டும். அதைச் சனங்கள் கிளியறன்ஸ் என்பார்கள். அவனுக்கு அது வரவில்லை. பக்கத்து வீட்டுச் சண்முகலிங்கத்துக்கு வந்தது. ஆனால் அதற்குள் அவருக்கு வள்ளத்தில் இந்தியா போக ஆள் கிடைத்துவிட்டது. தன் கிளியறன்சையும் அடையாள அட்டையையும் குணபாலனிடம் கொடுத்தார். அட்டையில் படம் மங்கிப்போய் இருந்தது. மீசை வைத்த எந்தப் பொடியனும் அதில் இருக்கலாம். அந்தக் காலத்தில் இப்படிப் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர். "சண்முகண்ணையின்ர கிளியறன்சிலை நாளைக்குப் போறன்" என்று தம்பி எழுதிய கடிதம், அவன் செத்து ஒரு மாதத்தின் பின் அக்காவின் கைக்கு வந்தது.

அதனால் சண்முகலிங்கத்துக்கு மரணப் பத்திரம் இருக்கிறது. அவருடைய தாய் அதைக் கேட்காமலே அரசாங்கம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. செத்த குணபாலனுக்கு ஒன்றும் இல்லை. அவன் காணாமல்கூடப் போகவில்லை. எந்தப் பட்டியலிலும் இல்லை. அக்கா கடிதம் மேல் கடிதமாக எழுதினார். ஆங்கிலம் தெரிந்தவள் என்று அவற்றை எழுதிக்கொடுத்தவள் நான். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, அவருடைய குசினி மேசையில் இருந்து எழுதுவேன். ஒரு தரம் கொழும்பில் இருந்து ஒரு அரசாங்கக் கந்தோர் பதில் போட்டது. 'தங்கள் சகோதரர் மேற்படி விமானத்தில் பயணிக்கவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்.' மகிழ்ச்சியாம். அந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துச் சொன்னேன். அக்கா அதை மடித்து, மற்றக் கடிதங்களோடு வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி போட்டார்.

போன வருஷம் நாலாவது விசாரணை என்று ஒன்று தொடங்கியது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பட்டியலில் பிழை இருந்தால் திருத்துவார்களாம். ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு சாட்சியின் பெயரும் கையெழுத்தும் வேண்டும். தம்பியின் கடிதம் மட்டும் போதாது. நானும் அக்காவும் கடல்மேல் போட்ட பெரிய பாலத்தைக் கடந்து, மூன்று மணித்தியாலம் கார் ஓடி, அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போனோம்.

சண்முகலிங்கம் நல்லாக உபசரித்தார். றோல்ஸ் வந்தது, தேத்தண்ணி வந்தது. சுவரில் அவருடைய மகள் பள்ளி முடித்த வெள்ளைத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் அந்த விமானத்தைப் பற்றிக் கதைக்க அவரை விட்டால் ஆள் இல்லை என்று பெயர். வருஷா வருஷம் நினைவுநாளில் மேடை ஏறி, ஏவுகணை எந்தத் திசையில் வந்தது, எந்த அறிக்கை எப்படிப் பொய் என்று ஒரு மணித்தியாலம் விளக்குவார். எங்களுக்கும் தொலைக்காட்சித் திரையில் படம் போட்டுக் காட்டினார். உண்மையை மறைக்கிறார்கள், உண்மையை மறைக்கிறார்கள் என்று எட்டுத் தரம் சொன்னார். எண்ணியதால் சொல்கிறேன். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்று சொல்வது இதைத்தான்.

அக்கா படிவத்தை எடுத்து மேசையில் வைத்ததும் அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, அட்டையை ஆமி பறிச்சது எண்டுதான் நான் இங்கை அகதியாய் அசூல் கேட்கேக்கை சொன்னனான். இப்ப மாத்திச் சொன்னால் என்ர குடியுரிமையிலை கை வைப்பாங்கள். பிள்ளையள் இருக்குதுகள்."

அது பொய்ப் பயம் இல்லை. பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையை இந்த நாடு திருப்பி எடுக்கலாம். அக்காவுக்கும் அது தெரியும். படிவத்தை மடித்துவிட்டு, கையெழுத்து வேண்டாம், நினைவுநாளில் பெயர்கள் வாசிக்கும்போது முப்பத்தொன்றாவது இடத்தில் தம்பியின் பெயரை ஒருக்கால் வாசித்தால் போதும் என்று கேட்டார். நினைவுநாளில் பட்டியலை வாசிப்பவரும் அவர்தான். தன் பெயர் வரும் இடத்தை ஒவ்வொரு வருஷமும் விழுங்கிவிட்டு முப்பத்திரண்டுக்குத் தாவிவிடுவார். மண்டபத்தில் யாரும் எண்ணுவதில்லை. அக்கா மட்டும் எண்ணுவார்.

"ஓம் அக்கா, அதுக்கென்ன, வாசிக்கிறன்" என்றார். வாசல்வரை வந்து காரில் ஏற்றிவிட்டார்.

திரும்பி வரும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. சாட்சியின் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, அவருடைய பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புவோம், விசாரணைக்காரர் தேடிப்பிடிக்கட்டும் என்றேன். அக்கா பழைய கதை ஒன்றைச் சொன்னார். ஊரில் ஒருநாள் ஆமிக்காரர் சனம் முழுவதையும் வெயிலில் நிரையாக நிறுத்தினார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். அக்காவின் சித்தப்பா அப்படிப் போனவர்.

"காட்டிக்குடுக்கிற வேலை என்னாலை ஏலாது, றெஜினா" என்றார்.

காட்டிக்கொடுக்கிறவன் என்ற பெயரைவிடக் கேவலம் எங்கள் சனங்களுக்கு இல்லை. அந்தப் பயத்தில்தான் எத்தனையோ அயோக்கியர்கள் நிம்மதியாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நினைவுநாள் ஒரு விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையத்தின் கீழ் மேசைகளை நீட்டிப் போட்டு, சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சின்ன மெழுகுதிரிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு பெயருக்கு ஒரு திரி. அக்கா காஞ்சிபுரம் சேலை கட்டி வந்திருந்தார்; தொழிற்சாலைச் சீருடையும் குளிர் ஜாக்கெட்டுமாகத்தான் அவரை நான் கண்டு பழக்கம். கைப்பையில் இருந்து தன் சொந்தத் திரியை எடுத்து, முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் வைத்தார். கையில் தீப்பெட்டியோடு நின்றார். இருபத்தேழு வருஷம் இதற்குத்தான் காத்திருந்த மாதிரி முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

சண்முகலிங்கம் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு திரி எரிந்தது. முப்பதாவது பெயர் முடிந்தது. அவர் நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். நேரடியாக முகநூலில் போய்க்கொண்டிருந்த கமெராவையும் பார்த்தார். பிறகு முப்பத்திரண்டாவது பெயரை வாசித்தார்.

"சண்முகம், ஒண்டை விட்டிட்டியள்" என்றார் அக்கா. கோபம் இல்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்திருக்கிறார், பாவி மனுசி.

சண்முகலிங்கம் ஒலிவாங்கியைக் கிட்டப் பிடித்தார். குரலில் அவ்வளவு இரக்கம்.

"அக்கா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிட்டா. இவவின்ர தம்பி இந்த விமானத்திலை போகேல்லை. பட்டியல் சரி."

கொழும்புக் கந்தோர் எழுதிய அதே வசனம். 'மகிழ்ச்சியுடன்' மட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். பூசணிக்காயைக் கொடுத்தவனே நின்று மறைத்ததை அன்றுதான் கண்டேன். இரண்டு பெண்கள் வந்து அக்காவின் தோளைத் தடவி, இருத்தி, தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. திரியை யாரோ மேசையில் இருந்து எடுத்து ஓரமாக வைத்தார்கள். வாசிப்பு முடிந்ததும் ஏவுகணை விளக்கம் தொடங்கியது. உண்மையை மறைக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது மண்டபம் கைதட்டியது. இந்தக் கைகளோடுதான் நானும் கோயில் திருவிழாவில் வடம் பிடித்திருக்கிறேன் என்று நினைக்க அருவருப்பாக இருந்தது. எழும்பி ஒரு வார்த்தை சொல்லாத என்னை நினைக்க அதைவிட அருவருப்பு.

அடுத்த நாள் ஞாயிறு. பின்னேரம் அக்கா கூப்பிட்டார். குசினி மேசையில் படிவம் விரித்தபடி கிடந்தது. பக்கத்தில் அந்தத் திரி, இன்னும் கொளுத்தாமல். நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார், ஒன்றொன்றாக எழுதினேன். பயணி எண்: முப்பத்தொன்று. பட்டியலில் உள்ள பெயர். உண்மையான பெயர். உறவு: தமக்கை. சாட்சி என்ற இடம் வந்தது. அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கீழே போகப் பார்த்தேன்.

"அதுக்கும் எழுது" என்றார்.

பெயரைச் சொன்னார். வீதியைச் சொன்னார், இலக்கத்தைச் சொன்னார், மூன்றாம் மாடி, இடது பக்கம் என்றார். எழுதி முடித்து, பேனையை மூடாமல் அவரைப் பார்த்தேன். என்ன கேட்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தலையாட்டி சாக்குப் போட்டுக்கொண்டு நிண்டவன், றெஜினா. நான் போடேல்லை. கீழை என்ர முழுப் பேரையும் எழுது. இஞ்சை கொண்டா, கையெழுத்து வைக்கிறன்."