சூடாயிருந்த பொனெட்

கொன்ஸ்ரன்ஸுக்குக் கோபம் வந்தால் கொட்டாஞ்சேனைச் சந்தியில் பஸ்காரன்கூட ஹோர்ன் அடிக்கமாட்டான் என்பார்கள். அது மிகைதான். ஆனால் முன்பு ஒரு மீன் கம்பனியில் பில் எழுதிக்கொண்டிருந்தவள், பழுதான மீனை நல்ல மீனென்று எழுதச் சொன்ன முதலாளியின் மேசையில் பில் புத்தகத்தை எறிந்துவிட்டு இறங்கி வந்தது உண்மை. மறுகிழமையே பேலியகொடை மீன் சந்தையில் சொந்தமாக மீன் எடுத்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். பதினெட்டு வருடமாகிறது. இன்றைக்கும் செவுள் கறுத்த மீன் ஒன்று அவளுடைய பெட்டியில் இருக்காது.

அவளுடைய தலையிடி லொறிக்காரன் கிஷாந்த். ஐந்து மணிக்கு வா என்றால் ஆறரைக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு வருவான். அதற்குள் ஐஸ் உருகி ஓடிவிடும். வெள்ளவத்தை ஹோட்டல் மனேஜர் போன கிழமை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், இந்த மாதம் முடிவதற்குள் மீன் நேரத்துக்கு வரத் தொடங்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று. அவளுடைய வியாபாரத்தில் பாதி அந்த ஹோட்டல்தான். சொந்தமாக ஒரு வண்டி இல்லாமல் இனிச் சரிவராது.

புது வண்டி விற்கிற விலையைக் கேட்டாலே நெஞ்சடைக்கும். கைக்கு எட்டியது ஸாலிஹ் என்ற வியாபாரியின் வீட்டு வாசலில் நின்ற பழைய கெப் ஒன்றுதான். பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு வைத்தது. மீற்றரில் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர்.

“ஓடினதைப் பாக்காதேங்கோ அக்கா,” என்றான் சாந்தகுமார். தங்கச்சியின் புருஷன், சொந்தக் கராஜ் வைத்திருப்பவன். “நான் இருக்கிறன்தானே? என்ன உடைஞ்சாலும் நான் பாப்பன்.”

அந்த ஒரு சொல்லில்தான் அவள் பாதி சம்மதித்தாள். அவ்வளவு ஓடிய வண்டியை வாங்குகிறவர் ஒரு மெக்கானிக்கையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அவளுக்குக் குடும்பத்திலேயே ஒருவன் இருந்தான். பழைய வண்டியை எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும், சூடான எஞ்ஜின் தன் வருத்தத்தை மறைத்துவிடும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவனேதான்.

ஆகவே பௌர்ணமிப் போயா லீவு நாளாகப் பார்த்து, ஸாலிஹுக்குச் சொல்லாமல் காலை ஆறு மணிக்கே போய் நிற்பதென்று முடிவெடுத்தாள். முதல்நாள் மாலை சாந்தகுமாரிடம் மட்டும் சொல்லி, கூட வரச் சொன்னாள்.

இரவு மழை பெய்திருந்தது. கெப்பின் கண்ணாடியிலும் தட்டிலும் துளிகள் அப்படியே நின்றன. எஞ்ஜினை மூடியிருந்த பொனெட் மட்டும் காய்ந்து கிடந்தது. கொன்ஸ்ரன்ஸ் உள்ளங்கையை அதில் வைத்தாள். சோற்றுப்பானை மூடி மாதிரிச் சுட்டது.

அவள் திரும்பிச் சாந்தகுமாரைப் பார்த்தாள். அவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆருக்கடா சொன்னனீ?”

“என்னக்கா?”

“நான் வாறது உனக்கு மட்டும்தான் தெரியும்!”

சத்தம் கேட்டு ஸாலிஹ் வெளியே வந்தார். பொனெட்டில் இருந்த கையைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. “நான் மறைக்க மாட்டேன். ஒங்கட மெக்கானிக் பாஸ்தான் கோல் எடுத்தார், நீங்க வாரதுக்கு முந்தி அரை மணித்தியாலம் ஓட விடச் சொல்லி. வித்தா கொமிஷன் வேணுமெண்டும் கேட்டார். நானும் சரியெண்டேன். பிழைதான்.”

“வண்டி நல்லதக்கா, சத்தியமா,” என்றான் சாந்தகுமார். “ஒருவேளை புகை கக்கினா நீங்க வேண்டாமெண்டிடுவீங்கள் எண்டு பயந்திட்டன்.”

“சல்லி வேணுமெண்டா என்னட்ட வாய் திறந்து கேட்டிருக்கலாமே! என்ர வீட்டில சாப்பிட்டிட்டு என்ர கண்ணிலயே மண்ணைத் தூவ வந்தனீயா?”

லேனில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அவள் பொருட்படுத்தவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு கெப்பின் முன்னால் இருந்துவிட்டாள். எஞ்ஜின் ஆறட்டும், அதுவரை இவனும் இங்கேயே நிற்கட்டும். ஸாலிஹின் வீட்டிலிருந்து வந்த பிளேன்டீ ஆறிப்போனது. வெயில் ஏறியது. அவளுடைய ஆத்திரம் மட்டும் ஆறவில்லை.

மத்தியானம் பொனெட்டைத் திறந்து எஞ்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. தானே ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. பின்னால் போய்ப் பார்த்தால் சொட்டுப் புகை இல்லை.

புகை வந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

“பாத்தீங்களா அக்கா? அப்ப எடுக்கலாம்தானே?” சாந்தகுமாரின் முகம் மலர்ந்துவிட்டது.

அவள் எஞ்ஜினை நிறுத்திச் சாவியை ஸாலிஹின் கையில் கொடுத்தாள். “வண்டியில பிழையில்ல நானா. ஆனா நாளைக்கு இது நடுரோட்டில நிண்டா நான் இவனிட்டத்தான் போகவேணும். பம்ப் போச்செண்டு சொல்லுவான். அதை நான் எப்பிடி நம்புறது?”

“வேற பாஸ் ஒருத்தரைப் பிடிங்களேன்.”

“தங்கச்சின்ர புருஷனே இப்பிடியெண்டா, வேற ஆரை?”

காலி வீதியில் கோட்டை பஸ்ஸைப் பிடித்தாள். பம்பலப்பிட்டி தாண்டும்போது கிஷாந்துக்குக் கோல் எடுத்தாள். “நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து நில்.”

“அஞ்சு கஷ்டமக்கா. ஆறு தாண்டும்.”

பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்க அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அதில் பாதி சாந்தகுமாருக்குச் சேரவேண்டியது. ஏசி முடித்து, “சரி, வா,” என்றாள். ஹோட்டல் கைவிட்டுப் போகலாம். கிஷாந்த் பிந்தித்தான் வருவான். ஆனால் பிந்துவேன் என்று சொல்லிவிட்டுப் பிந்துகிறவன்.